பவர் தையல் மெஷினுக்கு எந்த அளவு பெல்ட்? மோட்டாரை நிறுத்தி, அளந்து, வாங்கும் முறை

பழைய ஜுகி சிங்கிள் நீடில் (ஒற்றை ஊசி) ஹெட்டு, அதாவது மெஷினின் தைக்கும் மேல்பகுதி, ஒரு இடத்தில், டேபிளும் ஸ்டாண்டும் இன்னொரு இடத்தில், மோட்டார் மட்டும் புதிதாக. இப்படிச் சேர்த்துத்தான் பலர் முதல் பவர் மெஷினை வீட்டில் நிறுத்துகிறார்கள். எல்லாம் பூட்டியபின் கடைசியில் பெல்ட்டுக்காக வேலை நிற்கும். ஸ்பேர் கடையில் போய் "சிங்கிள் நீடிலுக்கு ஒரு பெல்ட் கொடுங்கள்" என்றால், கடைக்காரர் "என்ன நம்பர்?" என்றுதான் கேட்பார். அவர் கேட்பது சரியான கேள்வி. ஒரு ஹெட்டுக்கென்று ஒரே பெல்ட் அளவு கிடையாது. கைச்சக்கரத்துக்கும் மோட்டார் புல்லிக்கும் (மோட்டார் தண்டில் பெல்ட் ஓடும் பள்ளச் சக்கரம்) நடுவே எவ்வளவு தூரம், இரண்டு புல்லியும் எவ்வளவு பெரிது, இந்த மூன்றும்தான் நீளத்தை முடிவு செய்கின்றன. அதே ஹெட்டை வேறு டேபிளில், வேறு மோட்டாரோடு வைத்தால் நம்பர் மாறிவிடும். பக்கத்து யூனிட்டில் ஓடும் மெஷினின் நம்பரைக் கேட்டு வாங்கி வருவது அதனால்தான் பல நேரம் பொருந்துவதில்லை.

அளப்பதற்கு முன், உங்கள் மெஷினுக்குப் பெல்ட் உண்டா என்று ஒருமுறை பாருங்கள். இப்போது வரும் டைரக்ட் டிரைவ் மெஷின்களில் மோட்டார் ஹெட்டின் வலது முனையிலேயே இருக்கும், பெல்ட்டே இல்லை. டேபிளுக்குக் கீழே மோட்டார் தொங்குகிற மெஷின்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. அந்த மோட்டார் ஸ்விட்ச் போட்டதிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும் பழைய கிளட்ச் மோட்டாராகவும் இருக்கலாம், பெடலை மிதித்தால் மட்டும் ஓடும் சர்வோ மோட்டாராகவும் இருக்கலாம். அளக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றே.

கால் மெஷினில் தைத்துப் பழகியவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே தோல் பெல்ட்டை வேண்டிய நீளத்துக்கு வெட்டி, முனையில் துளை போட்டு, கம்பியால் இணைத்துவிடுவோம். தளர்ந்தால் கொஞ்சம் வெட்டி மறுபடி இணைப்போம். பவர் மெஷினின் வீ பெல்ட் (பக்கங்கள் 'V' போலச் சரிந்த ரப்பர் பெல்ட்) அப்படி இல்லை. அது இணைப்பே இல்லாத ஒரே வளையம். வெட்டிச் சுருக்க முடியாது, நீட்டவும் முடியாது. எனவே வாங்கும்போதே நீளம் சரியாக இருந்தாக வேண்டும்.

பெல்ட்டின் வகையும் அதன் மேல் உள்ள நம்பரும்

சாதாரண சிங்கிள் நீடில் மெஷினுக்கு எம் வகை வீ பெல்ட். ஜுகி தன் டிடிஎல் வரிசை சிங்கிள் நீடில் மெஷின்களின் கையேட்டிலும் எம் வகையைத்தான் சொல்கிறது. மேல் அகலம் 10 மி.மீ., கனம் 5.5 மி.மீ. அமெரிக்க முறையில் 3எல் என்று அச்சிட்டு வருவதும் ஏறக்குறைய இதே அகலம்தான், 3/8 இஞ்ச்.

எம்-39 என்றால் பெல்ட்டின் வெளிச்சுற்று 39 இஞ்ச். 3எல் 390 என்று இருந்தால் அதுவும் வெளிச்சுற்று 39.0 இஞ்ச். கடைசி இலக்கம் இஞ்ச்சில் பத்தில் ஒரு பங்கைக் குறிக்கும். ஆக இந்த இரண்டையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் போடலாம்.

குழப்பம் வருவது இசட் பெல்ட்டில். அதுவும் 10 மி.மீ. அகலம், பார்வைக்கு எம் மாதிரியே இருக்கும், ஆனால் கனம் 6 மி.மீ. நம் ஊர்க் கடைகளில் இசட், ஏ, பி வகை பெல்ட்களின் நம்பர் பொதுவாக உள்சுற்றைக் குறிக்கிறது. இசட்-37 என்றால் உள்ளே 37 இஞ்ச், வெளியே அளந்தால் சுமார் 38½ இஞ்ச். எம்-37 கிடைக்கவில்லை என்று இசட்-37 கொண்டுவந்தால் ஒன்றரை இஞ்ச் கூடுதலாகத் தொங்கும். எம் கிடைக்காத ஊரில் இசட் போட்டுச் சமாளிக்கலாம். அப்போது நம்பரை நம்பாமல், கடையிலேயே இஞ்ச் டேப்பால் வெளிச்சுற்றை அளந்து பார்த்து வாங்குங்கள்.

ஏ பெல்ட்டைத் தொடவே வேண்டாம். அது 13 மி.மீ. அகலம், கிரைண்டருக்கும் கம்ப்ரசருக்கும் போடுவது. எம் புல்லியின் பள்ளத்தில் அது முழுதாக உட்காராமல் மேலே நின்றுகொண்டு ஓடும்.

அளக்கும் முன் மோட்டாரை எங்கே நிறுத்துவது

பெரும்பாலோர் தவறுவது டேப் பிடிப்பதில் இல்லை, மோட்டாரை எந்த இடத்தில் வைத்துக்கொண்டு அளந்தார்கள் என்பதில்தான். இந்த ஒரு விஷயத்தை மட்டும் பொறுமையாகச் செய்துவிட்டால், மற்றதில் சின்னப் பிசகு இருந்தாலும் மெஷின் நன்றாக ஓடும்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். கிளட்ச் மோட்டாராக இருந்தால் ஸ்விட்சை அணைத்த பிறகும் உள்ளே சக்கரம் வெகுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பெடலில் கால் பட்டால் மெஷின் ஓடிவிடும். சத்தம் முழுதாக அடங்கும்வரை கை வைக்காதீர்கள்.

அப்புறம் நேர்கோடு. மேலே கைச்சக்கரத்தின் பெல்ட் பள்ளமும் கீழே மோட்டார் புல்லியின் பள்ளமும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். கைச்சக்கரப் பள்ளத்திலிருந்து ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். மெஷினின் முன்னால் உட்கார்ந்து பார்க்கும்போது அந்த நூல் கீழ்ப் புல்லியின் பள்ளத்துக்கு இடதோ வலதோ விலகியிருந்தால், மோட்டாரை அதன் போல்ட் துளைகளில் பக்கவாட்டில் நகர்த்துங்கள், அல்லது புல்லியை அதன் தண்டில் நகர்த்தி இறுக்குங்கள். டேபிளில் பெல்ட் இறங்கும் துவாரத்தின் ஓரத்தில் பெல்ட் உரசுமா என்றும் இப்போதே பார்த்துவிடலாம். உரசினால் ஹெட்டோ மோட்டாரோ சரியான இடத்தில் இல்லை என்று அர்த்தம். வேறு நீள பெல்ட் போட்டால் அது தீராது.

இனி மோட்டாரின் உயரம். டேபிளுக்குக் கீழே குனிந்து பாருங்கள். மோட்டார் ஒரு கீல் போன்ற இணைப்பில் ஏறி இறங்கும். அதை நிறுத்த மரையிட்ட நீளமான போல்ட்டும் லாக் நட்டும் இருக்கும். மோட்டார் இறங்கினால் பெல்ட் இறுகும், ஏறினால் தளரும். அந்த நட்டுகளைத் தளர்த்தி, மோட்டாரை மேலே முடிந்தவரை தூக்குங்கள். பிறகு கீழே முடிந்தவரை இறக்குங்கள். எவ்வளவு தூரம் போய்வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மொத்த தூரத்தில், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கிய இடத்தில் மோட்டாரை நிறுத்தி நட்டை இறுக்குங்கள். இங்கே வைத்துத்தான் அளக்க வேண்டும்.

ஏன் நடுவில் இல்லை? பெல்ட் நாளாக ஆக நீளும், ஒருபோதும் சுருங்காது. எனவே இறக்கி இறுக்குவதற்கான இடம் அதிகம் மிச்சமிருக்க வேண்டும். சரி, அப்படியானால் உச்சியிலேயே வைத்து அளக்கலாமே என்றால், புது பெல்ட்டைப் புல்லியில் ஏற்றுவதற்குக் கொஞ்சம் தளர்வு வேண்டும். அந்தத் தளர்வு இல்லாவிட்டால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித்தான் ஏற்ற வேண்டியிருக்கும். நெம்பினால் பெல்ட்டின் உள்ளிருக்கும் கயிறு அறுபடும். வெளியே ஒன்றும் தெரியாது, சில வாரத்தில் பெல்ட் ஒரு இடத்தில் மட்டும் இளைத்துத் துள்ள ஆரம்பிக்கும்.

அளக்கும் வழிகள்

பழைய பெல்ட் கையில் இருந்தால் முதலில் அதன் நம்பரைப் படியுங்கள். அழிந்திருந்தால் இஞ்ச் டேப்பை அதன் வெளிப்புறத்தில் சுற்றி அளவு எடுங்கள். ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பழைய பெல்ட் நீண்டிருக்கும், அதனால் வரும் அளவைவிட ஒரு படி குறைந்த நம்பர்தான் அதன் அசல் அளவாக இருக்கக்கூடும். இரண்டாவது, முன்பு வைத்திருந்தவர் சரியான பெல்ட்தான் போட்டிருந்தார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பழைய பெல்ட் மாட்டியிருந்தபோது மோட்டார் ஏற்றத்தின் எந்த முனையில் இருந்தது என்று பாருங்கள். அடிமட்டத்தில் கிடந்தால் அந்த பெல்ட் தேவைக்கு மேல் நீளம். உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தால் நீளம் போதவில்லை.

பழைய பெல்ட் இல்லாதவர்கள் உடனே செய்வது, சணலையோ நூலையோ இரண்டு புல்லியிலும் சுற்றி அளப்பது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் மெல்லிய நூல் பள்ளத்தின் அடிவரை இறங்கிவிடும். பெல்ட் அங்கே உட்காராது. அதன் சரிவான இரு பக்கங்களும் பள்ளத்தின் சுவர்களைக் கவ்விக்கொண்டு, மேல்பரப்பு புல்லியின் விளிம்புக்கு ஏறத்தாழச் சமமாக நிற்கும். இந்த வித்தியாசத்தால் நூல் காட்டும் அளவு, எம் பெல்ட்டின் வெளிச்சுற்றைவிட ஒன்றரை முதல் 2 இஞ்ச் வரை குறைந்துவிடலாம். நூலில் அளந்து 37 வந்ததென்று எம்-37 வாங்கினால் அது புல்லியில் ஏறவே ஏறாது. நீட்டிச் சுருங்குகிற எலாஸ்டிக்கோ கம்பளி நூலோ என்றால் இன்னும் மோசம்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. மெக்கானிக்கிடமோ ஸ்பேர் கடையிலோ தேய்ந்துபோன எம் பெல்ட் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், உங்களுக்குத் தேவைப்படுவதைவிட நீளமானதாக. அதை ஒரு இடத்தில் குறுக்காக வெட்டுங்கள். இப்போது அது ஒரு பட்டை. அதை உங்கள் இரண்டு புல்லியின் பள்ளத்திலும் சரியாக உட்கார வைத்து, தளர்வில்லாமல் இழுத்து, இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். கழற்றி, தரையில் நேராக வைத்து, முனையிலிருந்து கோடுவரை அளங்கள். வளைந்திருக்கும்போது பெல்ட்டின் வெளிப்பரப்பு கொஞ்சம் விரிந்திருக்கும், நேராக்கினால் அந்த விரிவு போய்விடும். அதனால் வந்த அளவோடு சுமார் அரை இஞ்ச் கூட்டிக்கொள்ளுங்கள். அதுவே நீங்கள் தேடும் எம் நம்பர். உண்மையான பெல்ட் உட்காரும் இடத்திலேயே இந்தப் பட்டையும் உட்காருவதால் இதில் ஊகத்துக்கு இடம் குறைவு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான்.

மூன்றாவது வழி கணக்கு. மோட்டாரை இன்னும் வாங்கவில்லை, எந்தப் புல்லி வரும் என்று மட்டும் தெரியும் என்ற நிலையில் இது உதவும். இரு தண்டுகளின் மையத்துக்கு இடையே உள்ள தூரத்தை இரண்டால் பெருக்குங்கள். இரு புல்லிகளின் விட்டத்தையும் கூட்டி 1.57-ஆல் பெருக்குங்கள். இரண்டையும் சேர்த்தால் பெல்ட்டின் நீளம். புல்லிகளின் விட்டம் வேறுபட்டால் இன்னும் ஒரு சிறு தொகை சேரும். விட்ட வித்தியாசத்தைத் தன்னாலேயே பெருக்கி, மைய தூரத்தின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். தையல் மெஷினில் அது பெரும்பாலும் ஒரு மி.மீட்டருக்கும் குறைவாகவே வரும், விட்டுவிடலாம்.

ஒரு உதாரணம். மைய தூரம் 380 மி.மீ., மோட்டார் புல்லியின் வெளிவிட்டம் 80 மி.மீ., கைச்சக்கரத்தில் பெல்ட் ஓடும் பகுதியின் விட்டம் 70 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 380-ஐ இரட்டித்தால் 760. 80-உம் 70-உம் சேர்ந்து 150, அதை 1.57-ஆல் பெருக்கினால் 235.5. மொத்தம் 995.5 மி.மீ. இதை 25.4-ஆல் வகுத்தால் 39.2 இஞ்ச். புல்லிகளின் வெளிவிட்டத்தை வைத்துக் கணக்கிட்டதால் வருவது பெல்ட்டின் வெளிச்சுற்று. எம் நம்பர் குறிப்பதும் அதையேதான்.

அளவெடுக்கும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். கைச்சக்கரத்தின் பெரிய வட்டத்தை அளந்துவிடாதீர்கள். பெல்ட் ஓடும் பள்ளம் அதை ஒட்டி, ஹெட்டின் பக்கமாக, சிறிதாக இருக்கும். அந்தப் பள்ளத்தின் விளிம்பு விட்டம்தான் வேண்டும். தண்டுகளின் மையத்தைக் கண்ணால் பிடிப்பதும் கடினம். அதற்குப் பதில் மேல் பள்ளத்தின் உச்சி விளிம்பிலிருந்து கீழ்ப் புல்லியின் அடி விளிம்புவரை, இரு மையங்களையும் தொட்டுச் செல்கிற நேர்கோட்டில் அளங்கள். அதிலிருந்து இரு விட்டங்களின் கூட்டுத்தொகையில் பாதியைக் கழித்தால் மைய தூரம். மேலே சொன்ன உதாரணத்தில் அந்த முழு அளவு 455 மி.மீ. வரும், 75-ஐக் கழித்தால் 380.

39.2 வந்தால் 39-ஆ, 40-ஆ?

கணக்கு ஒருபோதும் முழு எண்ணாக வந்து நிற்காது. இங்கே நினைவில் வைக்க வேண்டியது, பெல்ட் ஒரு இஞ்ச் நீண்டால் மோட்டார் இறங்க வேண்டியது ஒரு இஞ்ச் அல்ல, அரை இஞ்ச்தான். பெல்ட் இரண்டு பக்கமாக ஓடுவதால் நீளம் பாதியாகப் பிரிந்துவிடுகிறது. நம் உதாரணத்தில் எம்-39 போட்டால் மோட்டார் அளந்த இடத்திலிருந்து 2½ மி.மீ. ஏறும். எம்-40 போட்டால் சுமார் 10 மி.மீ. இறங்கும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிறுத்தி அளந்திருந்தால் இரண்டுமே மாட்டக்கூடும். ஆனாலும் எம்-39-ஐ எடுங்கள், அது நீள நீள இறக்குவதற்கு இடம் மிச்சமிருக்கும். 2½ மி.மீ. ஏறுவதற்குக்கூட இடமில்லாத அளவுக்கு மோட்டார் உச்சியில் இருந்தால் மட்டும் 40.

அரை இஞ்ச் வித்தியாசத்துக்காகக் கடை கடையாக அலைய வேண்டியதில்லை. மோட்டாரின் ஏற்ற இறக்கம் அதற்காகத்தான் இருக்கிறது.

புல்லியை மாற்றினால்

கிளட்ச் மோட்டாரைக் கழற்றிவிட்டு சர்வோ போடுகிறவர்கள் பழைய பெல்ட்டே பொருந்தும் என்று எதிர்பார்க்கிறார்கள். சர்வோவின் தண்டு வேறு உயரத்தில் இருக்கும், புல்லியும் சிறிதாக இருக்கும். மறுபடி அளப்பதைத் தவிர வழியில்லை. மோட்டார் அதேதான், புல்லி மட்டும் மாறுகிறது என்றால் கணக்கு எளிது: விட்டத்தில் 10 மி.மீ. மாறினால் பெல்ட் நீளத்தில் ஏறக்குறைய 16 மி.மீ. மாறும். 80-லிருந்து 60-க்கு இறங்கினால் 31 மி.மீ., அதாவது ஒன்றேகால் இஞ்ச் குறைவு.

புல்லி அளவு வேகத்தையும் மாற்றும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இரண்டு துருவ கிளட்ச் மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 2,850 சுற்று ஓடும். ஜுகி கையேட்டின்படி வெளிவிட்டத்தில் 5 மி.மீ. கழித்தால் புல்லியின் பயன்படும் விட்டம். 80 மி.மீ. புல்லிக்கு 75, 70-க்கு 65. 2,850-ஐ 75-ஆல் பெருக்கி 65-ஆல் வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 3,290 தையல். ஜுகி டிடிஎல்-8700 ஹெட்டு 5,500 வரை தாங்கும். ஆனால் புது மெஷினை முதல் மாதம் 4,000-க்குள் ஓட்டச் சொல்கிறது அந்தக் கையேடு. தைக்கப் பழகுகிறவர் கிளட்ச் மோட்டாரில்தான் உட்காரப் போகிறார் என்றால் சிறிய புல்லியாகப் போட்டுக்கொடுங்கள். மெஷின் கைக்கு அடங்கும், பயம் போகும், தடித்த துணியில் இழுவையும் கூடும்.

மாட்டுவதும் இறுக்குவதும்

மோட்டாரை முழுக்கத் தூக்கி, பெல்ட்டை டேபிள் துவாரம் வழியாகவிட்டு, முதலில் கீழ்ப் புல்லியில் உட்கார வையுங்கள். மேல் பள்ளத்தில் விளிம்பை ஏற்றிவிட்டு, கைச்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் மீதி தானே ஏறிக்கொள்ளும். பிறகு மோட்டாரை இறக்கி இறுக்குங்கள்.

எவ்வளவு இறுக்கம்? பெல்ட்டின் நடுவே ஒரு கிலோ அளவு அழுத்தினால் 15 மி.மீ. உள்ளே போக வேண்டும். இதுவும் ஜுகி கையேடு சொல்லும் அளவுதான். ஒரு கிலோ அழுத்தம் என்பது எவ்வளவு என்று தெரியாதவர்கள், சமையலறைத் தராசில் ஒரு விரலால் அழுத்தி ஒரு கிலோ காட்டும்வரை பார்த்துப் பழகிக்கொள்ளலாம். வீணை நரம்பு மாதிரி விறைப்பாக நிற்கும் பெல்ட் நல்ல பெல்ட் என்று எண்ண வேண்டாம். அந்த இழுவை முழுவதையும் ஹெட்டின் மேல் தண்டும் அதன் புஷ்ஷும் (தண்டு சுற்றும் உலோக வளையம்) தாங்கியாக வேண்டும். கைச்சக்கரம் சுற்றக் கனமாக இருப்பது, ஹெட்டின் வலது முனை சூடாவது, இவையெல்லாம் அதிக இறுக்கத்தோடு வருபவை. தளர்வாக இருந்தால் வேறு விதமாகத் தெரியும்: ஜீன்ஸ் மடிப்பில் மோட்டார் ஓடும் ஆனால் ஊசி தயங்கும், ரப்பர் கருகிய வாடை வரும், கீழ்ப் புல்லியைச் சுற்றிக் கறுப்புத் தூள் கொட்டிக்கிடக்கும். சர்வோவில் ஊசி மேலே நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் மாறி மாறி நிற்பதற்கும் பெல்ட் வழுக்குவது ஒரு காரணம். சர்வோவின் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் பெல்ட்டை அழுத்திப் பாருங்கள்.

வழுக்குகிறதென்று மெழுகோ பிசினோ தடவாதீர்கள். எண்ணெய் பட்டிருந்தால் உலர்ந்த துணியால் பெல்ட்டையும் பள்ளங்களையும் துடையுங்கள். ஊறிப்போயிருந்தால் மாற்றிவிடுங்கள். பெல்ட் கவரைப் பூட்டாமல் ஒரு தையல்கூடத் தைக்க வேண்டாம். துப்பட்டா நுனியும் கூந்தலும் சிக்குவது அங்கேதான்.

கடைசியில் மோட்டார் சுற்றும் திசை. ஜுகி சிங்கிள் நீடிலில், கைச்சக்கரப் பக்கம் நின்று பார்த்தால் மோட்டார் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். ஓவர்லாக் போன்ற மற்ற மெஷின்களில் கவரின் மேலுள்ள அம்புக்குறியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோல் தைக்கும் மெஷினில் வேகம் குறைக்க நடுவே இன்னொரு புல்லித் தொகுதி வைத்திருந்தால் பெல்ட் இரண்டு. மேலே உள்ளதை முதலில் அளந்து மாட்டி இறுக்குங்கள். நடுப்புல்லி நிலையாக நின்ற பிறகுதான் கீழே உள்ளதன் அளவு தெரியும்.

புது பெல்ட் முதல் சில நாள் ஓட்டத்திலேயே கொஞ்சம் நீண்டு, பள்ளத்தில் படிந்துவிடும். அந்த வாரம் முடிவதற்குள் ஒருமுறை அழுத்திப் பார்த்து, மோட்டாரைச் சிறிது இறக்கிக்கொள்ளுங்கள். பொருந்திய நம்பரையும் மோட்டார் புல்லியின் விட்டத்தையும் டேபிளின் அடிப்பக்கத்தில் மார்க்கரால் எழுதிவையுங்கள். அதே நம்பரில் இன்னொரு பெல்ட் வாங்கி, எண்ணெய் படாத இடத்தில், மடக்காமல் வைத்திருங்கள். ஆர்டர் கொடுக்க வேண்டிய நாளில் பெல்ட் அறுந்தால் கடை திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.